முற்பகல் வரவில்லை

ஏகாம்பரத்துக்கு எண்கள் நினைவில் நிற்கும், முகங்கள் நிற்காது. அதை ஒரு குறையாக அவர் நினைத்ததும் இல்லை. திருமயத்துக்குப் பக்கத்து ஊர்; பர்மாவில் கடை வைத்திருந்த குடும்பம். ஏட்டில் ஏறியதற்கு மேல் பேச்சில்லை என்பது வீட்டு நடைமுறை. யுத்தத்தோடு கடை போயிற்று, அந்த நம்பிக்கை போகவில்லை. புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் சரித்திர விரிவுரையாளராகச் சேர்ந்தபோது அதையும் கூடவே கொண்டுவந்தார்.

சேர்ந்த வருஷமே வருகைப் பதிவில் ஒரு மாற்றம் செய்தார். பெயர் பெயராகக் கூப்பிட்டால் ஏழு நிமிஷம் போகும். போதாததற்கு, வராதவனுக்காகப் பக்கத்தில் இருப்பவன் குரல் கொடுப்பான். ஏகாம்பரம் ஒரு டப்பா வெள்ளைப் பெயிண்ட் வாங்கி வரச்சொல்லி, இண்டர்மீடியட் முதல் வகுப்பின் பெஞ்சுகளில் ஒன்று முதல் ஐம்பத்துநான்கு வரை எழுதவைத்தார். அவனவன் எண்ணில் அவனவன் உட்கார வேண்டும். மேடையில் நின்று ஒரு பார்வை பார்த்தால் போதும். எந்த எண் காலியோ அதற்கு ஒரு ‘ஏ’. மற்றதெல்லாம் புள்ளி. ஒரு நிமிஷ வேலை. பிரின்சிபால் ஆசிரியர் கூட்டத்தில் அதைப் பாராட்டிப் பேசினார். வேலை நிரந்தரமாவதற்கு அந்தப் பாராட்டு உதவும் என்று மனைவி தெய்வானை சொன்னாள்.

நிரந்தர உத்தரவு வரும் ஆடியில் வரவேண்டும். இது ஆனி. 1953-ஆம் வருஷக் கோடை விடுமுறை முடிந்து கல்லூரி திறக்கிற நாள். திருமயத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கி, புது ரிஜிஸ்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏகாம்பரம் வராந்தாவில் ஏறும்போது பியூன் சவரியப்பன் எதிரே வந்தான்.

“சார், வேப்பமரத்தடியில ஒருத்தர் உக்காந்திருக்காரு. நேத்து மத்தியானமே வந்துட்டாரு. காலேஜு நாளைக்குத்தான் தொறக்கும்னேன், அப்ப இருந்துக்கிறேன்னு ராத்திரி இங்கிட்டே படுத்துக்கிட்டாரு. ஒங்களத்தான் பாக்கணுமாம்.”

“யாரு?”

“போன வருசம் நம்ம வகுப்புல இருந்தான்ல சார், சோலையப்பன்னு. குன்றாண்டார்கோவில் பக்கத்துப் பையன். அவன் அப்பா.”

ஏகாம்பரத்துக்குப் பெயர் பிடிபடவில்லை.

“இருபத்துமூணு சார்.”

இப்போது பிடிபட்டது. அந்த வரிசை முழுவதும் கண்ணுக்குத் தெரிந்தது. முற்பகல் கட்டத்தில் ஏ, பிற்பகல் கட்டத்தில் புள்ளி. ஏ, புள்ளி. ஏ, புள்ளி. ஜூலையிலிருந்து பிப்ரவரி வரை அப்படியே. முற்பகல் வருகை முதல் பீரியடில் ஏகாம்பரம் எடுப்பது. பிற்பகலில் தமிழாசிரியர் பழைய முறைப்படி பெயர் கூப்பிட்டு எடுப்பார். வருகை போதாதவர்கள் பட்டியலில் அந்த எண்தான் முதலில் இருந்தது. முதல் வகுப்பு முடிந்ததாக எழுத முடியாது, மறுபடியும் சேரவேண்டும் என்று வீட்டுக்குக் கடிதம் போயிற்று.

“மறுபடி சேர்க்க வந்திருக்கானா? ஆபீசுக்கு அனுப்பு.”

“இல்ல சார்.” சவரியப்பன் குரலைத் தாழ்த்தினான். “பையன் செத்துப்போய்ட்டானாம். சித்திரையில. மீமிசல்ல.”

வேப்பமரத்தடியில் இருந்தவர் இவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு இறங்கியது. ஐம்பத்தைந்து வயது இருக்கும். காலில் செருப்பில்லை.

“யாரப்பா நீ? என்ன விசயம்?” என்றார் ஏகாம்பரம், தெரியாதவர்போல.

“கருப்பனுங்க. சோலையப்பனுக்கு அப்பன்.” மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். கல்லூரிக் கடிதம். மடிப்புகள் நைந்து நாலு துண்டாகப் பிரியப்போகும் நிலையில் இருந்தது. “இது வந்துச்சுங்க மாசியில. எனக்கு வாசிக்கத் தெரியாது. பண்ணையில கணக்குப்பிள்ளை வாசிச்சாக. காலை வேளையில ஒம் மகன் காலேஜுக்கு வாரதில்லைன்னு எழுதியிருக்குன்னாக.”

“ஆமா.”

“நாலு பேருக்கு முன்னால வச்சு வாசிச்சாகளா, எல்லாரும் சிரிச்சாக. படிக்க அனுப்புனா இவன் காலையில எங்க போறான், எவ வீட்டுல படுத்துக் கெடக்கான்னு ஒருத்தர் கேட்டாரு. நான் வீட்டுக்கு வந்து அவன் சட்டி பொட்டியெல்லாம் தூக்கித் தெருவுல போட்டேன். தெனமும் போனேன்யா, தெனமும் போனேன்யான்னு சொன்னான். எம் முகத்துல முழிக்காதன்னுட்டேன். ரெண்டு நாளு வாசல்லயே கெடந்தான். பொறகு மீமிசல்ல மீனு எறக்குற எடத்துல கூலிக்குப் போய்ட்டானாம். அங்க வாந்திபேதி. அங்கனயே பொதைச்சுட்டாக. பதினேழு நாளு கழிச்சுத்தான் எங்களுக்குச் சேதி வந்துச்சு.”

அழுகை எதுவும் இல்லாமல், வழி சொல்கிறவர்போலச் சொன்னார்.

“இப்ப நான் என்னப்பா செய்யணும்?”

“ஒண்ணும் செய்ய வேணாமுங்க. ஒரே ஒரு கேள்விதான். காலையில அவன் வந்தானா, வரலையா?”

“ரிஜிஸ்டர்ல...”

“பொஸ்தகத்துல வரலைன்னு போட்டிருக்குன்னு தெரியுமுங்க. அதைத்தான் வாசிச்சாகளே. நீங்க கண்ணால பாத்திருப்பீங்கள்ல. அதைக் கேட்டுட்டுப் போலாம்னுதான் வந்தேன். லீவு விட்டுட்டாகன்னு ரெண்டு மாசம் பொறுத்திருந்தேன்.”

மணி அடித்தது. ஏகாம்பரத்துக்கு அந்தச் சத்தம் கை கொடுத்ததுபோல இருந்தது. “வகுப்பு இருக்கு. முடிச்சுட்டு வாரேன், இரு” என்று நடந்தார்.

வகுப்பறையில் புதுச் சுண்ணாம்பு வாடை அடித்தது. புதுப் பையன்கள் தங்கள் எண்ணைத் தேடி பெஞ்சுகளுக்கு இடையில் முட்டிக்கொண்டு நின்றார்கள். அவர் மேடையில் ஏறியதும் உட்கார்ந்தார்கள். கதர்ச் சட்டை, மல் வேட்டி, ஒன்றிரண்டு கால்சட்டை. நெற்றியில் வீட்டில் வைத்துவிட்ட திருநீறு. ஏகாம்பரம் ரிஜிஸ்டரைத் திறந்தார். ஒரு பார்வை. எட்டு காலி. பதினேழு காலி. இருபத்துமூன்று காலி.

பேனா முதல் இரண்டு எண்களைக் கடந்து மூன்றாவதில் நின்றது. மை முனையில் திரண்டு நின்றதே தவிர அவர் எழுதவில்லை.

“இருபத்துமூணு யாரு?”

மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். “எங்க ஊரு சார் அவன். டி.சி. வாங்காமலே வந்துட்டான். அதை வாங்கப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பப் போயிருக்கான். நாளைக்கு வருவான் சார்.”

வகுப்பு சிரித்தது. ஏகாம்பரமும் சிரிக்க முயன்றார். நாளைக்கு வருகிறவனைப்பற்றி அவருக்கு ஒன்றுமில்லை. போன வருஷத்து இருபத்துமூன்றின் முகத்தை அவர் தேடிக்கொண்டிருந்தார். எட்டு மாதம். மனதில் ஒரு மூக்கு, ஒரு சிரிப்பு, ஒரு சட்டை எதுவும் இல்லை. காலி இடம்தான் இருந்தது. அதுமட்டும் நன்றாக நினைவிருந்தது. அந்தக் காலி இடத்தில் ஒரு குடை கிடக்கும். கறுப்புக் குடை, வளைந்த மூங்கில் பிடி. அந்த வருஷம் மழையே இல்லை. குளங்கள் வெடித்துக் கிடந்தன. குடை மட்டும் தினமும் இருபத்துமூன்றின்மேல் படுத்திருந்தது. தினமும் அதைப் பார்த்துத்தான் ஏ போட்டார்.

பாடத்தைத் தொடங்கினார். ஐரோப்பிய சரித்திரம் என்றால் என்ன, ஏன் படிக்கிறோம். வாய் பேசிக்கொண்டிருந்தது. அவர் மனம் தானாகத் தலைகளை எண்ணியது. வரிசைக்கு ஆறு, ஒன்பது வரிசை, மூன்று பேர் இல்லை. ஐம்பத்தொன்று. ஆனால் எண்ணி முடிக்கும்போது ஐம்பத்திரண்டு வந்தது. மறுபடி எண்ணினார். ஐம்பத்தொன்று. சரி என்று கரும்பலகைப் பக்கம் திரும்பியதும், முதுகுக்குப் பின்னால், கடைசியில், ஐம்பத்திரண்டாவது ஆள் உட்கார்ந்திருப்பது உறுதியாகத் தெரிந்தது. சத்தம் இல்லை. யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு குறிப்பெழுதுகிறபோது இருக்கிற அமைதி.

அப்போதுதான் அந்தக் குரல் நினைவுக்கு வந்தது.

போன நவம்பரில் ஒருநாள். நெப்போலியன் மாஸ்கோவுக்குள் நுழைந்தும் ஏன் திரும்பிப் போனான் என்று, தேசப்படத்தை மாட்டியபடியே, வகுப்பைத் திரும்பிப் பார்க்காமல் கேட்டார். குளிர், பனி, பசி என்று முன்பெஞ்சுகள் இங்கிலீஷில் அடுக்கின. அதற்கும் முன்னால் ஒரு காரணம் உண்டு என்றார் அவர். பின்னாலிருந்து ஒருவன் தமிழில் சொன்னான்:

“ஊருக்குள்ள யாருமே இல்லை சார். ஊரை ஒப்படைக்கக்கூட ஆள் இல்லை.”

வகுப்பு கொல்லென்று சிரித்தது, தமிழில் சொன்னதற்காக. “சரியான விடை. யாரது?” என்றார் ஏகாம்பரம், படத்தின் சுருளைச் சரிசெய்துகொண்டே. யாரும் எழவில்லை. அவரும் திரும்பிப் பார்க்கவில்லை. குரல் வந்தது கடைசிப் பெஞ்சிலிருந்துகூட அல்ல, அதற்கும் பின்னாலிருந்து. கடைசிப் பெஞ்சுக்குப் பின்னால் இருப்பது சுவர்.

முதல் பீரியட் காலையில்தான்.

சுண்ணாம்புக்கட்டி அவர் கையில் ஒடிந்தது. திரும்பிப் பார்த்தார். கடைசி வரிசைக்குப் பின்னால், தூணை ஒட்டி, படம் மாட்டுவதற்கான உயரமான முக்காலி நின்றது. அதன்மேல் யாருமில்லை. மேடையிலிருந்து பார்த்தால் தூண் அதில் பாதியை மறைத்தது.

வகுப்பு முடிந்து பையன்கள் இரைச்சலாக வெளியே போனதும், ஏகாம்பரம் மேடையை விட்டு இறங்கி வகுப்பின் கடைசிவரை நடந்தார். இரண்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. முக்காலிக்கு மேலே, சுவரில், புது வெள்ளைக்கு நடுவில் ஒரு கறை இருந்தது. ஒரு தேங்காய் அளவு, வட்டமாக, பழுப்பு நிறத்தில்.

சவரியப்பன் முக்காலியை எடுக்க வந்தான். அவர் கறையைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு முந்திக்கொண்டான்.

“ரெண்டு கோட்டு அடிச்சாச்சு சார். எண்ணெய்க் கறை, எம்புட்டு அடிச்சாலும் மேல வந்துருது. பிரின்சிபால் ரவுண்டு வாரதுக்குள்ள இன்னொரு தடவை அடிச்சுருவேன்.”

“எப்படி வந்துச்சு இது?”

“தலை சாஞ்சதுதான் சார். அந்தப் பையன் இதுலதான உக்காருவான்.”

“எந்தப் பையன்?”

சவரியப்பன் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான். கேலி செய்கிறாரா என்று அவனுக்குப் புரியவில்லை. “என்ன சார் இப்படிக் கேக்குறீங்க? சோலையப்பந்தான். காலையில நான் கதவு தொறக்கும்போதே வந்து நிப்பான். மொத மணிக்கெல்லாம் இந்த முக்காலிதான். மத்தியானம் தமிழய்யா கிளாசு மர ஹால்ல, அங்க நம்பர் கிடையாது, தரையில உக்காந்துக்குவான்.”

“அவன் இடம் இருபத்துமூணுல்ல?”

“பக்கத்து எடம் இருபத்திரண்டு யாரு சார்? சிங்காரம். அவுக ஊருப் பண்ணை மகன். அந்தப் பையனோட அப்பன் அவுக வயல்லதான் வேலை செய்யுறாரு. மொத நாளு இவன் போயி உக்காரப் போனான். சிங்காரம் ஒண்ணும் பேசலை, கொடையைத் தூக்கி நடுவுல வச்சுட்டாப்புல. இவனும் ஒண்ணும் பேசலை. இங்கிட்டு வந்துட்டான். அம்புட்டுத்தான்.”

“வருசம் பூராவுமா?”

“வருசம் பூராவும். நடுவுல ரெண்டு நாளு காய்ச்சல்னு வரலை. வந்து எங்கிட்டதான் சொன்னான்.”

“நீ ஏன்யா எங்கிட்ட சொல்லலை?”

“நான் என்னத்தச் சார் சொல்றது? நீங்க பாத்துக்கிட்டுத்தானே பாடம் எடுத்தீங்க.” சவரியப்பன் முக்காலியைத் தூக்கினான், பிறகு கீழே வைத்தான். விஷயம் இப்போதுதான் அவனுக்கு உறைத்தது. முகம் மாறியது. “சார்... நீங்க ஆப்சென்டு போட்டது இதுக்குத்தானா? ஐயோ. எம் பேரு எதுலயும் வர வேணாம் சார். புள்ளகுட்டிக்காரன்.”

அவன் போன பிறகும் ஏகாம்பரம் அங்கேயே நின்றார். பிப்ரவரியில் அந்தப் பையன் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றது இப்போது துண்டு துண்டாக வந்தது. அப்போதும் முகம் இல்லை. வாசல்படிக்கு வெளியே இரண்டு பாதங்கள், புழுதி படிந்தவை. “சார், நான் தெனமும் வந்தேன் சார்.” அவர் ரிஜிஸ்டரை விரித்துக் காட்டினார். இது என் கையெழுத்து, நீ வந்திருந்தால் நான் ஏன் இதை எழுதப்போகிறேன் என்றார். பிற்பகல் புள்ளிகளைப் பார்த்துவிட்டு, “மத்தியானம்தான் முழிப்பு வருமாக்கும்?” என்று கேட்டார். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எங்கே உட்கார்ந்திருந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவன் சொல்லியிருப்பானா என்பது வேறு விஷயம். சொன்னால் குடையைச் சொல்லவேண்டும். குடையைச் சொன்னால் அப்பனுக்கு வயலில் வேலை இருக்காது.

ஜன்னல் வழியாக வேப்பமரம் தெரிந்தது. கருப்பன் இன்னும் நின்றுகொண்டிருந்தார். இவர் இருக்கச் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து உட்காரவில்லைபோலும்.

வரவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ரிஜிஸ்டரும் அதைத்தான் சொல்கிறது. ஆடியில் உத்தரவு வரும். அவர் எண்ணம் அதோடு நிற்கவில்லை; இன்னும் ஒரு படி போயிற்று, அதுதான் அவருக்கே பயமாக இருந்தது. வரவில்லை என்று சொல்வது அந்த மனிதருக்கும் நல்லதல்லவா? மகன் பொய் சொன்னான், நான் கண்டித்தேன், விதி முடிந்தது என்று போய்விடுவார். வந்தான் என்று சொன்னால் இந்த ஆள் எந்த வீட்டுக்குத் திரும்பிப் போவார்? எந்த வாசலைத் தாண்டுவார்? இரக்கம் என்று பெயர் வைத்துக்கொண்டால் அந்தப் பொய்யைச் சொல்லிவிடலாம், எளிதாகவே சொல்லிவிடலாம்.

அறையில் யாருமில்லை. பெஞ்சுகள் எல்லாம் காலி, ஒன்று முதல் ஐம்பத்துநான்குவரை. ஆனால் தனியாக இருக்கிறோம் என்ற எண்ணம் அவருக்கு வரவில்லை. தோளுக்குப் பின்னால், முக்காலியின் உயரத்தில், விடைக்காக ஒருவன் காத்திருந்தான். இந்த முறை அவன் ஒன்றும் சொல்லமாட்டான். கேள்வி அவரிடம் இருந்தது.

ஏகாம்பரம் வாசலுக்கு வந்து கையசைத்தார். கருப்பன் வராந்தாவின் விளிம்புவரை வந்து நின்றார்.

“உள்ள வாங்க.”

“இருக்கட்டுங்க, இங்கனயே...”

“உள்ள வந்தாத்தான் சொல்ல முடியும். வாங்க.”

கருப்பன் துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பெஞ்சுகள் எதிலும் பட்டுவிடாமல், நடுவழியாகப் பின்னால் வந்தார். ஏகாம்பரம் முக்காலியையும் சுவரையும் காட்டினார்.

“இதுலதான் உக்காந்திருந்தான்.”

கருப்பனுக்குப் புரியவில்லை. “எப்ப?”

“தெனமும். காலையில.”

நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று தெரிந்து, எண்கள், காலி இடம், குடை, ஏ எல்லாவற்றையும் சொன்னார். அவன் ஏன் அந்த இடத்தில் உட்காரவில்லை என்பதைப் பாதியில் விட்டார். கருப்பன் அதைக் கேட்கவில்லை. அது அவருக்கு விளக்கத் தேவையில்லாத பகுதி. அவர் கண் சுவரில் இருந்தது.

மெல்லக் கையை நீட்டிக் கறையின்மேல் இரண்டு விரலை வைத்தார். அழுத்தித் தேய்த்து மூக்கில் வைத்துப் பார்த்தார். இன்னொரு தடவை.

“இலுப்பெண்ணெ” என்றார்.

ஏகாம்பரமும் குனிந்து அந்தக் கறையைப் பார்த்தார்.

“அவன் ஆத்தா ராக்காயி ஆட்டிக் கொடுத்து விடுவா. நாத்தம் அடிக்குது ஆத்தா, எல்லாரும் தேங்காயெண்ணெ தேச்சு வாராகன்னு சொல்லுவான். சொல்லிட்டு அதையேதான் தேச்சுக்கிட்டுப் போவான்.” விரல்களை வேட்டியில் துடைக்கப்போய், துடைக்காமல், உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார். “எல்லா நாளும் வந்தானுங்களா?”

“ரெண்டு நாள் காய்ச்சல்னு வரலையாம்.”

“வரலையாம்னா? நீங்க பாக்கலையா?”

அதுதான் காலையிலேயே கேட்ட கேள்வி. கண்ணால் பார்த்திருப்பீர்கள் அல்லவா?

“இல்லை” என்றார் ஏகாம்பரம். “நான் ஒரு நாளும் பாக்கலை.”

கருப்பன் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். அன்று முதல்முறையாக நேருக்கு நேர். கோபமாக இருந்தால் ஏகாம்பரம் தாங்கிக்கொண்டிருப்பார். அது கோபம் இல்லை. அடையாளம் கண்டுகொள்கிற பார்வை. தன்னைப்போன்ற இன்னொருவனை வழியில் கண்டதுபோல.

“நானும் கதவைத் தொறந்து பாக்கலைங்க” என்றார்.

பிறகு முக்காலியின் மேல்பலகையில் கையை வைத்து, அது ஆடுகிறதா என்று அசைத்துப் பார்த்தார். ஒரு கால் தளர்ந்திருந்தது. லேசாக ஆடியது.

“ஒரு கடுதாசி எழுதித் தருவீங்களா? அவன் ஆத்தா மட்டுந்தான் எம் புள்ள பொய் சொல்லமாட்டான்னு சொல்லிக்கிட்டே இருந்தா. இப்ப எங்கூடப் பேச்சே இல்லை. நான் போய் வாயால சொன்னா, இப்ப வந்து சொல்றியான்னு கேப்பா. எழுத்துல இருந்தா...”

எழுத்தில் இருந்தால். ஏகாம்பரம் மேடைக்குப் போய்க் காகிதத்தை எடுத்தார். கையெழுத்தில்லாமல் எழுதலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அந்தக் கணத்திலேயே அது வெட்கமாகவும் இருந்தது. எழுதத் தொடங்கினார். கருப்பன் இரண்டு பெஞ்சு தள்ளி நின்றபடி சொன்னார்:

“கொடையைப் பத்தி எழுத வேணாமுங்க.”

“ஏன்?”

“வாசிக்கிறது பண்ணைக் கணக்குப்பிள்ளைதானுங்களே.”

“நான் ஞாயித்துக்கிழமை வந்து வாசிக்கிறேன். உங்க வீட்டுக்கே வாரேன்.”

கருப்பன் தலையை ஆட்டினார். “வேணாஞ் சாமி. நீங்க எங்க தெருவுக்குள்ள வந்துட்டுப் போய்ட்டீங்கன்னா, பொறகு அதுக்கு நாங்க பதில் சொல்லணும். எழுதுங்க. அந்தாளே வாசிக்கட்டும். அன்னைக்கு வாசிச்ச வாய்தானே.”

ஏகாம்பரம் எழுதிப் படித்துக் காட்டினார். போன வருஷம் முதல் வகுப்பில் படித்த க. சோலையப்பன் இரண்டு நாட்கள் தவிர எல்லா நாட்களும் முற்பகலில் வகுப்புக்கு வந்திருந்தான். வகுப்பை எடுத்த நான் அவனைப் பார்க்கவில்லை. பார்க்காமலே வரவில்லை என்று எழுதினேன். தவறு என்னுடையது. கீழே பெயர், பதவி, தேதி.

“கேள்வி கேட்டா நல்லாப் பதில் சொல்லுவான்னும் எழுதட்டுமா? ஒரு நாள் சொன்னான். அதை நான் கேட்டேன்.”

கருப்பன் யோசித்தார். “அதையும் எழுதுங்க” என்றார்.

காகிதத்தை வாங்கி, பழைய கல்லூரிக் கடிதத்தோடு சேர்த்து மடித்து மடியில் வைத்துக்கொண்டார். இடது கையால்தான் எல்லாம் செய்தார். வலது கையின் விரல்கள் இன்னும் மடங்கியே இருந்தன. “வாரேனுங்க” என்று சொல்லிவிட்டு, வந்ததுபோலவே பெஞ்சுகளில் படாமல் நடந்து போனார்.

மத்தியானம் ஏகாம்பரம் அதே கடிதத்தின் நகலையும் பழைய ரிஜிஸ்டரையும் பிரின்சிபால் மேஜைமேல் வைத்தார். பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிப் படித்தார்.

“மூலம் எங்கே?”

“அவங்க அப்பாகிட்ட கொடுத்துட்டேன் சார்.”

“கையெழுத்தோடயா?”

“ஆமா சார்.”

“போடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை எங்கிட்ட வந்திருக்கலாமே மிஸ்டர் ஏகாம்பரம்.” காகிதத்தைக் கண்ணாடிக் குண்டின்கீழ் வைத்தார். அங்கே ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தது. அதன் ஓரத்தில் தன் பெயரின் கடைசி எழுத்துகள் தெரிந்ததை ஏகாம்பரம் பார்த்தார். “பையன் உயிரோட இருந்தாலாவது ஏதாவது செய்யலாம். இப்ப இதை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? சரி. பாக்கலாம். நீங்க போங்க.”

வெளியே வரும்போது சவரியப்பன் சுண்ணாம்பு வாளியோடு வகுப்பறைக்குள் போய்க்கொண்டிருந்தான். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. எத்தனை தடவை அடித்தாலும் ஒன்றுதான்.

மாலை பஸ்ஸில் கூட்டம் இல்லை. புளிச்சாக்கு இரண்டும், கோழிக்கூடை ஒன்றும், ஏழெட்டு ஆட்களும். ஏகாம்பரம் படியை ஒட்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தினமும் பார்க்கிற கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே சிரித்தான்.

“ஏன் சார் நிக்கிறீங்க? மொத நாளே வாத்தியாரை நிக்க வச்சுட்டாங்களா பசங்க? ஜன்னலோரம் காலியாத்தான் கெடக்கு, போய் உக்காருங்க.”

ஏகாம்பரம் அந்த இடத்தைப் பார்த்தார். வெயில் சாய்வாக விழுந்திருந்த வெறும் பலகை. அதற்குப் பின்னால் உள்ள வரிசையையும், அதற்குப் பின்னால் கடைசி வரிசையையும், கடைசி வரிசைக்குப் பின்னால் சாக்குகள் அடுக்கியிருந்த மூலையையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கண்டக்டர் டிக்கெட்டை நீட்டியபடி நின்றான்.

“யாரும் இல்லைல்ல?” என்றார்.

“நீங்கதான் பாக்குறீங்களே சார்” என்றான் கண்டக்டர்.

பஸ் புறப்பட்டது. அவர் கம்பியை விடவில்லை.